பிளஸ் ஒன் பிள்ளைங்க கையில ஒரு அணியைக் குடுத்துப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல சாரணர் சாரணியர் நிகழ்ச்சி போட்டோ அடிக்கடி வருது, சந்தோஷம்தான், ஆனா எல்லா போட்டோவும் ஒரே மாதிரி இருக்குங்க. நடுவுல சிறப்பு விருந்தினர், அவர் கழுத்துல புதுசா ஒரு ஸ்கார்ஃப், ரெண்டு பக்கமும் தலைமையாசிரியர், செயலாளர், பொருளாளர்னு பெரியவங்க, பின்னாடி வெயில்ல கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிற பிள்ளைங்க. கீழ பெரியவங்க பேரெல்லாம் பதவியோட இருக்கும், பிள்ளைங்களுக்கு "மாணவ மாணவியர் திரளாகக் கலந்துகொண்டனர்"னு ஒரே வரி. நிருபரைக் குறை சொல்லல, அவருக்குக் குடுக்குற குறிப்பே அப்படித்தான் இருக்கும். ஆனா இந்த இயக்கத்தை ஆரம்பிச்சதே பசங்க பசங்களை நடத்தணும்னுதான், அது நம்ம ஊர்ல எங்கயோ பாதி வழியில நழுவிப் போச்சு, அதைப் பத்தித்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

இப்ப எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வுன்னு கொண்டு வந்தாங்க இல்லையா, அதுக்கப்புறம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு தொடர்ந்து மூணு வருஷமும் பரீட்சை பரீட்சைன்னு பிள்ளைங்க மூச்சு முட்டிப் போனாங்க, ஒன்பதாவது முடிச்சதும் சாரணர் யூனிஃபார்மை மடிச்சு பீரோவுல வச்சிடறது வழக்கமாகிப் போச்சு. இப்ப 2025-26ல இருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாதுன்னு அரசாங்கமே சொல்லியாச்சு. அப்ப நடுவுல ஒரு வருஷம் கொஞ்சம் காத்தோட்டமா கிடைச்சிருக்கு. அந்த வருஷத்தை இப்பவே எவனாவது டியூஷன் சென்டர்காரன் வளைச்சுப் போட்டுருவான், அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் இந்த அவசரம்.

நான் வாத்தியார் இல்லைங்க, திருநெல்வேலியில ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். காலேஜ்ல திரி சாரணரா, அதாவது ரோவரா இருந்தவன், அந்தப் பழக்கத்துல இன்னைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து ஸ்கூல்ல சாரண ஆசிரியருக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போவேன், கயிறும் மூங்கிலும் நம்ம கடையில இருந்து போகும், அதனாலயே என்னை விடமாட்டேங்கிறாங்கன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. நான் பாத்ததை வச்சுத்தான் சொல்றேன்.

இந்த விஷயம் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச ஆங்கிலேய ராணுவ அதிகாரி பேடன் பவல் தென்னாப்பிரிக்காவுல மாஃபெகிங்ங்கிற ஊர்ல 1899லயும் 1900லயும் முற்றுகைக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தப்ப ஆள் பத்தாம அந்த ஊர்ப் பசங்களை ஒரு படையா சேர்த்து தகவல் கொண்டு போக, ஆஸ்பத்திரியில உதவி செய்யன்னு விட்டாங்க, அதுக்குத் தலைவனா இருந்ததும் ஒரு பையன்தான். பொறுப்பைக் குடுத்தா பசங்க பெரிய ஆளுங்க மாதிரியே நடந்துக்கிறாங்கன்னு அப்ப அவர் கவனிச்சார். அதை வச்சு 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல சுமார் 20 பசங்களைக் கூட்டிட்டுப் போய் முகாம் போட்டார். பணக்கார ஸ்கூல் பசங்களும் கூலி வேலைக்காரங்க வீட்டுப் பசங்களும் கலந்து. அவங்களை ஓநாய், காளை, அண்டங்காக்கா, கர்லூங்கிற கடற்கரைப் பறவைன்னு நாலு அணியாப் பிரிச்சு, ஒவ்வொரு அணிக்கும் பெரிய பையன் ஒருத்தனைத் தலைவனாப் போட்டு, உன் அணி எப்பவும் எப்படி நடந்துக்குதுங்கிறதுக்கு நீதான் பொறுப்புன்னு விட்டுட்டார். பெரியவங்க அந்தப் பக்கம் நின்னாங்க. அவ்வளவுதான் சாரணர் இயக்கத்தோட முதல் முகாம். அடுத்த வருஷம் இது பரவினப்ப நிறைய இடத்துல பெரியவங்க யாரும் வந்து ஆரம்பிக்கல, தெருப் பசங்களே அணி சேர்ந்துக்கிட்டு அப்புறமா எங்களுக்கு ஒரு சாரண ஆசிரியர் வேணும்னு போய் ஆள் தேடினாங்க. நம்ம ஊர்ல இப்ப தலைகீழ், சர்க்குலர் வருது, ஆசிரியர் நியமிக்கப்படுறார், அப்புறம் 32 பேர் லிஸ்ட் தயாராகுது.

நம்ம மெட்ராஸுக்கும் இதுல பங்கு உண்டு. இந்தியாவுல முதல்ல 1909ல பெங்களூர்ல ஆரம்பிச்சப்ப அது வெள்ளைக்காரப் பசங்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கும்தான், நம்ம பிள்ளைங்களைச் சேர்க்கமாட்டாங்க. அந்தக் கோபத்துல அன்னி பெசன்ட் அம்மையார் தன்னோட கூட வேலை பாத்த அருண்டேலோட சேர்ந்து 1916ல மெட்ராஸ்ல இந்தியப் பசங்களுக்குன்னு தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. வடக்க விடுதலைப் போராட்டத் தலைவர் மதன் மோகன் மாளவியா ஒரு சங்கம். இப்படித் தனித்தனியாக் கிடந்ததுல பெரும்பாலானதெல்லாம் சேர்ந்து 1950 நவம்பர் 7ல பாரத சாரணர் இயக்கம் ஆச்சு, அடுத்த வருஷம் பெண் பிள்ளைங்க அமைப்பும் வந்து சேர்ந்துச்சு. நம்ம பிள்ளைங்களாலயும் நடத்த முடியும்னு நிரூபிக்கத்தான் அன்னைக்கு அத்தனை பேர் மல்லுக்கட்டினாங்க, இன்னைக்கு நாமளே நம்ம பிள்ளைங்களை நம்பாம விசிலை வாத்தியார் கழுத்துலயே தொங்கவிட்டு வச்சிருக்கோம்.

சரி, இன்னைக்கு நிலவரம் என்னன்னு பாருங்க. ஒரு படையில நாலு அணி, அணிக்கு ஆறுல இருந்து எட்டுப் பேர், பத்து வயசுல இருந்து பதினேழு வயசு வாக்குல வரைக்கும் பிள்ளைங்க இருக்கலாம். இந்த வயசு வித்தியாசம்தான் இதோட உயிர். பதினஞ்சு வயசு அண்ணன் ஒருத்தன், பதிமூணுல ரெண்டு பேர், பதினொண்ணுல நாலு வாண்டுங்கன்னு ஒரு அணி இருந்தா சொல்லிக் குடுக்கிறதும் கத்துக்கிறதும் தானா நடக்கும். ஆனா நிறைய ஸ்கூல்ல என்ன செய்றாங்கன்னா, வசதிக்காக எட்டாவது 'ஏ' பிரிவு முழுக்க ஒரு படை, ரோல் நம்பர் ஒண்ணுல இருந்து எட்டு வரை ஒரு அணி, நல்லா படிக்கிற பையன் அணித்தலைவன். எல்லாருக்கும் ஒரே வயசு, எல்லாரும் ஒரே பெஞ்சு. அவன் சொல்றதை இவன் எதுக்குக் கேக்கணும்? "போடா, நீ என்ன பெரிய இவனா"ன்னு முடிஞ்சது கதை.

அதை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துல தலைமைப் பொறுப்புன்னா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சது கிளாஸ் லீடர்தான். கிளாஸ் லீடர் வேலை என்னங்க, டீச்சர் வெளிய போனதும் சாக்பீஸை எடுத்துட்டு போர்டுல 'பேசியவர்கள்'னு தலைப்பு போட்டுப் பேர் எழுதுறது, ரொம்பப் பேசினா பக்கத்துல ஒரு இன்ட்டு, அப்புறம் இன்னொரு இன்ட்டு, பிடிச்சவன் பேரை மட்டும் அழிச்சிடறது. டீச்சரோட கையாள் அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோட வர்ற பிள்ளைக்கு அணித்தலைவன்னு ஒரு பட்டையைக் குத்திவிட்டா அவனும் பேர் எழுதத்தான் செய்வான். அணித்தலைவன் வேலை வேறங்க. அவன் அணியில ஒருத்தன் ஷூ இல்லாம வந்தா ஏன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும், ஒருத்தன் ரெண்டு வாரமா வரலைன்னா வீட்டுக்குப் போய் எட்டிப் பாக்கணும், முகாம்ல எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியா அவன் தட்டு எடுக்கணும். இதை யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக் குடுக்க முடியாது, மூத்த அணித்தலைவன் ஒருத்தன் செய்றதைக் கூட இருந்து பாத்துத்தான் வரும், அந்த மூத்தவனைத்தான் நாம ஒன்பதாவதோட வீட்டுக்கு அனுப்பிடறோமே.

முடிச்சு போடுறதையே எடுத்துக்குங்க. க்ளவ் ஹிட்ச் போடத் தெரிஞ்ச பையன் அதை நாலு செகண்ட்ல கண்ணை மூடிட்டுப் போட்டுருவான், ஆனா எப்படிப் போட்டன்னு கேட்டா அவனுக்கே சொல்லத் தெரியாது. ஆறாவது படிக்கிற ஒரு வாண்டு, அதுவும் இடது கைப் பழக்கம் உள்ளது, எதிர்ல நின்னு "அண்ணா எனக்குத் திரும்பி வருது"ன்னு கயிறை நீட்டும்போதுதான் பெரியவன் திகைச்சு நிப்பான். எதிர்ல நின்னு காட்டினா கண்ணாடியில பாக்குற மாதிரி மாறிப்போகுதுன்னு அப்புறம் புரிஞ்சு பக்கத்துல போய் உக்காந்து, மெதுவா, கயிறு எங்க மேல போகுது எங்க கீழ போகுதுன்னு பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுவான். எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு ரெண்டு நுனிக்கும் வேற வேற கலர்ல பெயிண்ட் அடிச்சு (பெயிண்ட் நம்ம கடைதான்) சிவப்பு எங்க போகுது பச்சை எங்க போகுதுன்னு சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சு, அதை யாரும் அதுக்குச் சொல்லல. ஒரு விஷயத்தை இன்னொரு ஆளுக்குப் புரிய வைக்கிறது, புரியலைன்னா எரிஞ்சு விழாம வேற வழி தேடுறது, பின்னாடி எந்த வேலைக்குப் போனாலும் இதுதானேங்க வேணும். இன்டர்வியூவுல டீம் ஒர்க் தெரியுமான்னு கேக்குறாங்கன்னு நாற்பதாயிரம் குடுத்து கோர்ஸ் சேர்றாங்க.

சமையல் இன்னொண்ணு. முகாம்ல அணி சமையல்னா பிரிச்சுக் குடுக்குற அரிசி, பருப்பு, காய்கறியை வச்சு அவங்களே அடுப்பு கூட்டணும். விறகு ஈரமா இருக்கும், ஒருத்தன் வெங்காயம் நறுக்கமாட்டேன்னு முறைச்சுக்குவான், ஒருத்தனுக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை, சாம்பார் அடி பிடிக்கும். அந்த நேரம் பாருங்க, நம்ம வாத்தியார்களுக்குக் கை சும்மா இருக்காது, "தள்ளுடா நான் பாத்துக்கிறேன்"னு கரண்டியை வாங்கிடுவாங்க. நல்ல மனசுதான், பிள்ளைங்க பசியோட இருக்கேன்னு. இப்பல்லாம் அதுவும் வேண்டாம்னு கேட்டரிங்ல சொல்லிடறாங்க, பிள்ளைங்க தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறதோட சரி. அடி பிடிச்ச சாம்பாரை ஒரு வேளை சாப்பிட்டா யாரும் செத்துப் போகமாட்டாங்க சார், மறுநாள் அந்த அணித்தலைவன் தானா தீயைக் குறைப்பான், அழுத பையனை விறகு பொறுக்க அனுப்பி அவன் கவனத்தைத் திருப்புவான், அந்தக் கணக்கெல்லாம் அவன் மண்டையில ஓட ஆரம்பிக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நகர முடியாம நின்னு போச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு ஒரு கல்யாண மண்டபத்துல நிவாரணப் பொருள் சேர்த்தாங்க, நானும் போயிருந்தேன். பெரியவங்க ஆளுக்கு ஒரு பக்கம் கத்திட்டு இருந்தோம், பழைய சேலை மூட்டை ஒரு பக்கம், பிரெட் பாக்கெட் நசுங்கிக் கிடக்கு, மாத்திரை அட்டை எங்கயோ அரிசி மூட்டைக்கு அடியில. ஏழெட்டு சாரணியர் பிள்ளைங்களைக் கூட்டிட்டு பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு வந்துச்சு. வந்து யார்கிட்டயும் எதுவும் கேக்கல, கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு, சாக்பீஸ் எடுத்துத் தரையில கட்டம் போட்டுச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு பிள்ளைங்களை நிறுத்துச்சு, ஆறாவது ஏழாவது படிக்கிற சின்னதுங்களை மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எண்ணச் சொல்லிட்டு கனமான மூட்டைப் பக்கம் விடவே இல்லை. அரை மணி நேரத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு பைன்னு நிரம்ப ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, எல்லாம் இருக்கு, நாப்கின் ஒரு பாக்கெட் கூட இல்லையே"ன்னுச்சு. அவ்வளவு பெரிய மனுஷங்க இருந்தோம், ஒருத்தருக்கும் அது தோணல. உடனே மெடிக்கலுக்கு ஆள் அனுப்பினோம். அந்தப் பொண்ணு வகுப்புல முதல் ரேங்க் எல்லாம் இல்லைங்க, நடு பெஞ்சுதான், ஆனா எட்டாவதுல இருந்து ஒரு அணியை வச்சு நடத்தினது.

அணித்தலைவர்கள் எல்லாம் உக்காந்து பேசுற கூட்டம்னு ஒண்ணு விதியிலயே இருக்கு, கோர்ட் ஆஃப் ஆனர்னு சொல்வோம். அடுத்த மாசம் எங்க ஹைக் போறது, சந்தாப் பணத்தை எதுக்கு செலவு பண்றது, ஒழுங்கு மீறினவனை என்ன செய்றதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும், சாரண ஆசிரியர் ஆலோசனை சொல்ல மட்டும் ஓரமா உக்காரலாம். ஒவ்வொரு அணிக்குள்ளயும் தனியா ஒரு கூட்டம் நடத்தி எல்லார் கருத்தையும் கேட்டுட்டு அதைத் தலைவன் இங்க கொண்டு வந்து பேசணும். சட்டசபைக்கு என்ன குறைச்சல், சொல்லப்போனா வெளிநடப்பு கிடையாது. எத்தனை ஸ்கூல்ல இந்தக் கூட்டம் நிஜமா நடக்குதுன்னு கேளுங்க, பல இடத்துல அதோட மினிட்ஸ் புக்கை ஆய்வுக்கு முந்தின நாள் ராத்திரி மூணு கலர் பேனாவுல ஆசிரியரே எழுதி முடிச்சிடறார்.

இதுல வேடிக்கை என்னன்னா ஆசிரியர்களுக்கு இது தெரியாம இல்லை. அவங்க பயிற்சிக்குப் போறப்ப, அட்வான்ஸ்டு கோர்ஸ், ஹிமாலயன் உட் பேட்ஜ்னு, அங்க அவங்களையே அணியாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு நாள் தலைவரா மாத்தி மாத்திப் போட்டு கூடாரம் போட வச்சு சமைக்க வச்சுத்தான் அனுப்புறாங்க. உட் பேட்ஜ் பயிற்சியே 1919ல இங்கிலாந்துல கில்வெல்ங்கிற இடத்துல ஆரம்பிச்ச காலத்துல இருந்து அப்படித்தான். ஐம்பது வயசு கணக்கு வாத்தியார் அங்க போய் அணித்தலைவரா இருந்து சந்தோஷமா கேம்ப் ஃபயர்ல ஆடிட்டு வர்றார், வந்து ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிரம்பு ஞாபகம் வந்துடுது. முழுக்க அவங்க மேல பழி போடவும் முடியாது, எமிஸ்ல, அதாவது கல்வித்துறை ஆன்லைன் தகவல் தளத்துல பதிவேத்துறது, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலைன்னு அவங்க கழுத்துல ஏற்கெனவே எவ்வளவோ இருக்கு, இதுல படை நடத்துறது சம்பளம் இல்லாத கூடுதல் வேலை. அதனாலதான் சொல்றேன், பாரத்தை இறக்கி வைக்க ஆள் பக்கத்துலயே இருக்கு, பிளஸ் ஒன் வகுப்புல உக்காந்திருக்கு.

ஆனா பெரிய பிள்ளைங்க ஏன் நிக்க மாட்டேங்கிறாங்க? பரீட்சை ஒரு காரணம், அதைச் சொல்லிட்டேன். பிளஸ் ஒன்ல நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இழுத்துக்கிறாங்க, அதுவும் நல்லதுதான், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. எனக்கு உறுத்துறது சர்டிஃபிகேட் ஓட்டம். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், அப்புறம் ராஷ்டிரபதி விருதுன்னு படி இருக்கு இல்லையா, பெத்தவங்க கேக்குறதெல்லாம் "சார், இவன் எப்ப ராஜ்ய புரஸ்கார் எழுதுவான்"னுதான். கவர்னர் கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட் வந்ததும் பிரேம் போட்டு மாட்டிட்டு, அடுத்த வாரத்துல இருந்து பையன் வரமாட்டான். ரயில்வேயில சாரணர் கோட்டா இருக்குங்க, ராஷ்டிரபதி விருதோ ஹிமாலயன் உட் பேட்ஜோ வச்சிருக்கிறவங்க விண்ணப்பிக்கலாம், அதை நினைச்சு சேர்றவங்க உண்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அரசாங்க வேலை கிடைச்சா யாருக்கு வயிறு எரியும், கிடைக்கட்டும். ஆனா விருது வாங்கின கையோட அந்தப் பிள்ளை ஒரு வருஷம் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போகணும்னு ஒரு ஏற்பாடு பண்ணா என்ன? வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிற மாதிரியும் இருக்கும், அவனுக்கும் அப்பத்தான் அந்த விருதுக்கு உண்டான தகுதி முழுசா வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம அரசுப் பள்ளி அமைப்பைப் பாருங்க. அஞ்சாவது வரைக்கும் தொடக்கப் பள்ளி ஒரு தெருவுல, எட்டாவது வரைக்கும் நடுநிலைப் பள்ளி இன்னொரு தெருவுல, மேல்நிலைப் பள்ளி ஊருக்கு வெளிய மெயின் ரோட்டுல. தனியார் ஸ்கூல்ல எல்கேஜியில இருந்து பன்னெண்டு வரை ஒரே காம்பவுண்டு, பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் கேன்டீன்லயாவது இடிச்சுக்குவாங்க. அரசுப் பள்ளியில பதினாறு வயசுப் பையனும் எட்டு வயசுக் குருளையும் (சின்னப் பசங்க பிரிவுக்கு அதுதான் பேர்) சாரணரா இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணால கூடப் பாக்குறதில்லை. குருளையர் கூட்டம்னா அதை நடத்துற ஆசிரியை, அகேலா மேடம்னு சொல்வோம், அவங்க ஒருத்தர் மட்டும் அத்தனை வாண்டையும் கட்டி மேய்ச்சு தொண்டை கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அரை கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைப் பள்ளியில ராஜ்ய புரஸ்கார் வாங்கின நாலு பிள்ளைங்க சனிக்கிழமை மதியம் ரீல்ஸ் பாத்துட்டு உக்காந்திருக்கு. இந்த ரெண்டையும் இணைக்கிறதுக்கு பட்ஜெட்ல காசு ஒதுக்கத் தேவையில்லை, ரெண்டு தலைமையாசிரியர் ஒரு டீ குடிச்சுட்டுப் பேசினாப் போதும்.

வெளிநாட்டுல இதை முறையா வச்சிருக்காங்க. இங்கிலாந்துல 14ல இருந்து 18 வயசுப் பிள்ளைங்களை 'யங் லீடர்'னு பயிற்சி குடுத்து சின்னப் பிள்ளைங்க பிரிவுல உதவிக்கு நிறுத்துறாங்க. அமெரிக்காவுல 'டென் சீஃப்'னு, பெரிய ஸ்கவுட் ஒருத்தன் தோள்ல ஒரு கலர் கயிறு தொங்கவிட்டுட்டு கப் ஸ்கவுட் வாண்டுங்களுக்கு விளையாட்டு நடத்துவான், என் சொந்தக்காரங்க பிள்ளை ஒண்ணு நியூ ஜெர்சியில இருக்கு, அது தமிழ்ல பேசவே கூச்சப்படும், ஆனா பத்து வெள்ளைக்கார வாண்டுங்களை உக்கார வச்சு கதை சொல்லுதாம். நமக்கு வெளிநாட்டு உதாரணம் கூட வேண்டாம், கொரோனாவுக்குப் பிறகு 2021ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப பாத்தோமே, தெருவுல இருக்கிற அக்கா திண்ணையில உக்காந்து சொல்லிக் குடுத்தப்ப பிள்ளைங்க ஓடி ஓடிப் போனாங்க. டீச்சர்கிட்ட கேக்க பயந்த சந்தேகத்தை அக்காகிட்ட கேட்டாங்க. சின்னப் பிள்ளைக்கு ரொம்பப் பெரியவங்களை விட கொஞ்சம் பெரியவங்களைத்தான் பிடிக்கும், நானும் அந்த அண்ணன் மாதிரி ஆகணும்னு அதுக்கு எட்டுற தூரத்துல ஒரு ஆள் வேணும்.

பயமும் இருக்கு, அதை மூடி மறைக்கக் கூடாது. 2024ல கிருஷ்ணகிரி பக்கம் போலி என்சிசி முகாம்ல நடந்த கொடுமைக்கு அப்புறம் முகாம்னாலே பெத்தவங்க நடுங்குறாங்க, நடுங்கத்தான் செய்வாங்க, எனக்கும் பொண்ணு இருக்கு. பொறுப்பைப் பிள்ளைங்ககிட்ட குடுக்கிறதுன்னா பெரியவங்க வீட்டுக்குப் போயிடறது கிடையாது. ஆசிரியர் அங்கதான் இருக்கணும், பெண் பிள்ளைங்க முகாம்னா பெண் ஆசிரியர்கள் ராத்திரியும் கூடவே தங்கணும், வந்திருக்கிற ஆள் நிஜமாவே இயக்கத்துல பதிவு பண்ணவரான்னு ஸ்கூல் சரி பாக்கணும். பெரிய பையனையும் சின்னப் பையனையும் தனியா ஒரு ரூம்ல, மறைவான இடத்துல விடக் கூடாது, எதுவா இருந்தாலும் நாலு பேர் கண்ணுல படுற மைதானத்துலதான். இன்னொண்ணு, அண்ணன்னு ஒருத்தன் வந்துட்டா முட்டி போட வைக்கிறது, தோப்புக்கரணம், என் பையைத் தூக்குடான்னு சொல்றதெல்லாம் மெதுவா நுழையும், ஹாஸ்டல்ல பாக்குறோமே. பெரியவனுக்கு தண்டனை குடுக்கிற அதிகாரம் துளியும் கிடையாதுன்னு முதல் நாளே சின்னப் பிள்ளைங்க முன்னாடியே சொல்லிடணும், அவன் மீறினா அணித்தலைவர் பட்டையை அன்னைக்கே கழட்டணும். எங்க படையில ஒரு தடவை அப்படிக் கழட்டியும் இருக்கோம், நல்ல திறமையான பையன்தான், வருத்தமா இருந்துச்சு, ஆனா கழட்டினோம். அவன் ரெண்டு மாசம் சாதாரண ஆளா அதே அணியில இருந்தான், இப்ப திரும்பவும் சின்னப் பிள்ளைங்க அவன் பின்னாடியே திரியுதுங்க.

பெண் பிள்ளைங்களை ஒன்பதாவதுல நிறுத்துறது இன்னும் அதிகம், வயசுக்கு வந்துருச்சு, சாயங்காலம் லேட்டாகுது, யூனிஃபார்ம் போட்டுட்டு ரோட்டுல நடக்கணுமான்னு வீட்டுல ஆயிரம் சொல்வாங்க. 1909ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துல சாரணர் பேரணி நடந்தப்ப கூப்பிடாமயே கொஞ்சம் பெண் பிள்ளைங்க தாங்களா யூனிஃபார்ம் தயார் பண்ணிப் போட்டுட்டு வந்து நாங்களும் சாரணர்தான்னு நின்னாங்க, அதுக்கப்புறம்தான் அவங்களுக்குன்னு தனி அமைப்பே வந்துச்சு. பக்கத்துத் தெரு தொடக்கப் பள்ளியில சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம்னா எந்த அப்பாவும் வேண்டாம்னு சொல்லமாட்டார், பகல் வெளிச்சம், தெரிஞ்ச இடம், அதனாலயே இந்த யோசனை பொண்ணுங்களுக்குத்தான் அதிகமாப் பயன்படும்னு நினைக்கிறேன்.

2017ல சாரணர் இயக்கத்தோட மாநிலத் தலைவர் தேர்தல் ஒண்ணு நடந்து டிவியில விவாதம் ஓடினப்பதான் நம்ம ஜனங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு இயக்கம் இருக்குன்னே தெரிஞ்சது, அதுவும் யார் ஜெயிச்சாங்க யார் தோத்தாங்கன்னு தெரிஞ்சதோட சரி. 2025 ஜனவரி கடைசியில மணப்பாறை சிப்காட்ல வைர விழா ஜம்போரி நடந்துச்சு, ஆயிரக்கணக்குல பிள்ளைங்க, வெளிநாட்டுல இருந்தும் வந்தாங்க, பிரமாண்டம், குறையே சொல்ல முடியாது. அந்த மாதிரி ஒண்ணு எத்தனையோ வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். சனிக்கிழமை வாராவாரம் வருது.

கல்வித்துறைக்கும் மாவட்டச் சாரணர் அமைப்புக்கும் உங்க பேப்பர் மூலமா நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. பிளஸ் ஒன் சேர்ற பழைய சாரண சாரணியர் லிஸ்டை ஜூன்லயே எடுங்க, அவங்கள்ல விருப்பம் உள்ளவங்களை மட்டும், கட்டாயப்படுத்தாம, பக்கத்து தொடக்கப் பள்ளி குருளையர், அதே வயசுப் பெண் பிள்ளைங்களான நீலப்பறவையர் கூட்டத்துக்கு ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க. மேல்நிலைப் பள்ளிக்குள்ள ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் கலந்து அணி போடுங்க, ரோல் நம்பர்படி வேண்டாம். அணித்தலைவர் கூட்டத்தோட மினிட்ஸைப் பிள்ளைங்களே எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஆய்வுக்கு வர்ற அதிகாரி அந்தப் பிழையைப் பாத்தா சந்தோஷப்படணும். வருஷக் கடைசியில அந்தப் பிளஸ் ஒன் பிள்ளைக்கு தொடக்கப் பள்ளி தலைமையாசிரியர் கையெழுத்துல ஒரு கடிதம் குடுங்க, என்ன செஞ்சான் எப்படி நடந்துக்கிட்டான்னு நாலு வரி உண்மையா எழுதி.

இப்படிக்கு,
முன்னாள் திரி சாரணர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்.

பி.கு: கடிதம் நீளமா இருக்குன்னு தெரியும், இடம் பத்தலைன்னா மாஃபெகிங் கதையையும் நியூ ஜெர்சியையும் தாராளமா வெட்டிக்கோங்க, தொடக்கப் பள்ளி விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.